டிராயும் தகடூரும்

பாட்டில் சொல்லப்படும் ஒரு போர் மண்ணிலும் நடந்ததா என்ற கேள்வி தொல்லியல் பிறப்பதற்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்க மொழியில் எழுத்து வடிவில் கேட்கப்பட்டுவிட்டது. ஹோமரின் பெயரால் வழங்கும் ‘இலியட்’ கி.மு. 8ஆம் நூற்றாண்டை ஒட்டி உருப்பெற்ற காவியம் என்று பெரும்பாலான அறிஞர் கருதுகின்றனர். அது பாடும் டிராய்ப் போரோ அதற்கு நானூறு, ஐந்நூறு ஆண்டுகள் முந்தியதாகக் கிரேக்கர்களாலேயே கணக்கிடப்பட்டது. பத்தாண்டு முற்றுகையில் கடைசி ஆண்டின் சில வாரங்களை மட்டுமே பாடும் அந்தக் காவியம், டிராயின் வீரனான ஹெக்டரின் ஈமச்சடங்கோடு முடிந்துவிடுகிறது. பலரும் டிராயென்றவுடன் நினைக்கும் மரக்குதிரை அதில் வருவதில்லை, ‘ஒடிசி’யில்தான் வருகிறது.

கி.மு. 5ஆம் நூற்றாண்டில் எழுதிய ஹெரோடோட்டஸ், போருக்குக் காரணமாகச் சொல்லப்பட்ட ஹெலன் டிராய் நகரில் இருந்திருக்கவே முடியாது என்று வாதிட்டார். எகிப்தியப் பூசாரிகள் ஹெலன் எகிப்திலேயே தங்கிவிட்டாள் என்று சொன்னதை அவர் எடுத்துக்காட்டி, அவள் உண்மையில் கோட்டைக்குள் இருந்திருந்தால், தன் மக்கள் ஒருவர்பின் ஒருவராக மடிவதைப் பார்த்துக்கொண்டிருந்த மன்னன் பிரியம் அவளை என்றோ திருப்பி அனுப்பியிருப்பான் என்று தம் சொந்த அறிவையும் அதனோடு சேர்த்தார். ஹோமருக்கும் இந்தச் செய்தி தெரிந்திருந்தது, ஆனால் காவியத்துக்குப் பொருந்தாது என்று விட்டுவிட்டார் என்பது ஹெரோடோட்டஸின் ஊகம். காவியத்தின் தேவை வேறு, நிகழ்ச்சியின் தேவை வேறு என்ற பகுப்பு இங்கே தெளிவாகத் தெரிகிறது.

அவருக்கு அடுத்த தலைமுறையினரான தூசிடிடீஸ் இன்னும் கறாரானவர். காவியத்தின் கப்பல் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்ட அவர், ஏறத்தாழ 1,200 கப்பல்கள், பெரிய கப்பலில் 120 பேர், சிறியதில் 50 பேர் என்ற எண்களிலிருந்து சராசரியைப் பார்க்கும்போது, கிரேக்க நாடு முழுவதும் திரண்டு சென்றதாகச் சொல்லப்படும் படை அவ்வளவு பெரிதன்று என்று முடிவுசெய்தார். ஆள் குறைவு அதற்குக் காரணமில்லை, பணமும் உணவும்தான் குறைவு என்றும், உணவு தேடிப் படையின் ஒரு பகுதி உழவுக்கும் கொள்ளைக்கும் போய்க்கொண்டிருந்ததால்தான் முற்றுகை பத்தாண்டு நீண்டது என்றும் அவர் விளக்கினார். கவிஞன் மிகைப்படுத்துவான் என்பதை அவர் முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, அந்த மிகையைக் கழித்த பிறகு எஞ்சுவதை மட்டும் வரலாறாக எடுத்துக்கொண்டார். அதே இடத்தில், ஸ்பார்ட்டா நகரம் அழிந்து கோயில்களும் கட்டடங்களின் அடித்தளமும் மட்டும் எஞ்சினால் அதன் வலிமையைப் பிற்காலத்தார் நம்பமாட்டார்கள், ஏதென்ஸ் அழிந்தாலோ அதன் இடிபாடுகளைக் கண்டு உள்ளதைவிட இருமடங்கு வலிமையைக் கற்பித்துக்கொள்வார்கள் என்று அவர் எழுதியது, அகழாய்வுக் குழிக்குள் இறங்கும் எவரும் முதலில் படிக்க வேண்டிய எச்சரிக்கை.

ஐயம் அத்துடன் நிற்கவில்லை. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்கச் சொற்பொழிவாளர் டியோ கிறிசோஸ்டம், டிராய் விழவே இல்லை என்று ஓர் உரையையே ஆற்றினார்; அவர் மற்றோர் உரையில், இந்தியர்கள் ஹோமரின் பாடல்களைத் தங்கள் மொழியில் பாடுகிறார்கள் என்றும் குறிப்பிட்டார். மகாபாரதம் பாடப்பட்டதைக் கேள்விப்பட்ட யாரோ ஒரு வணிகர் வழியாக அந்தச் செய்தி மேற்கே போயிருக்கலாம் என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். டிராய் மன்னன் பிரியத்தின் துயரம் திருதராட்டிரனின் துயரத்தைப் போலவே கேட்டிருக்கும் என்பதில் வியப்பில்லை.

தூசிடிடீஸின் கணக்கைப் பாரதப் போருக்கும் போட்டுப் பார்க்கலாம். அக்குரோணி என்பது 21,870 தேர், 21,870 யானை, 65,610 குதிரை, 1,09,350 காலாள் கொண்ட படைப்பிரிவு. இருபுறமும் சேர்ந்து 18 அக்குரோணி என்றால் யானைகள் மட்டுமே 3,93,660 ஆகின்றன. ஒரு யானைக்கு நாளொன்றுக்கு 150 கிலோ தீனி என்று கொண்டால் குருச்சேத்திரத்துக்கு அன்றாடம் ஏறத்தாழ 59,000 டன் தழை வந்து சேர்ந்திருக்க வேண்டும். இன்றைய இந்தியக் காடுகளில் உள்ள யானைகளின் மொத்த எண்ணிக்கையே முப்பதாயிரத்தைத் தாண்டுவதில்லை. 18 என்ற எண் அந்தக் காவியத்தில் நாட்களுக்கும் பருவங்களுக்கும் கீதையின் அத்தியாயங்களுக்கும் திரும்பத் திரும்ப வருவதையும் பார்த்தால், அது கணக்கர் எண்ணிய எண்ணன்று, கவிஞர் தேர்ந்த எண் என்பது விளங்கும்.

காலக்கணக்கும் இதே நிலையில்தான் இருக்கிறது. சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியின் ஐஹோளெக் கல்வெட்டு சக ஆண்டு 556இல், அதாவது கி.பி. 634-35இல், பாரதப் போர் முடிந்து 3,735 ஆண்டுகள் ஆயின என்று சொல்லிப் போரைக் கி.மு. 3102க்குக் கொண்டுசெல்கிறது, வராகமிகிரர் எடுத்தாளும் மரபோ அதைக் கி.மு. 2449இல் வைக்கிறது. அத்தினாபுரத்தில் 1950 முதல் 1952 வரை பி.பி. லால் நடத்திய அகழாய்வில் கிடைத்த ஓவியச் சாம்பல்நிறப் பாண்டங்கள் இவ்விரண்டுக்கும் மிகப் பிந்திய, கி.மு. இரண்டாம் ஆயிரமாண்டின் கடைசியையும் முதலாம் ஆயிரமாண்டின் தொடக்கத்தையும் சேர்ந்த சிற்றூர் வாழ்க்கையையே காட்டின. கங்கை வெள்ளம் அந்த ஊரை அரித்த அடையாளத்தை லால் கண்டதும், வெள்ளத்தால் தலைநகர் கோசாம்பிக்கு மாறியது என்று புராணங்கள் சொல்வதும் பொருந்துவது உண்மைதான். ஆனால் வெள்ளம் வந்ததற்குச் சான்று கிடைப்பது போர் நடந்ததற்குச் சான்று ஆகாது.

கொங்கு நாட்டுக்கும் இந்தக் காவியத்தில் பங்கு உண்டு என்று ஊர்க்கதை சொல்கிறது. அமராவதிக் கரையில் உள்ள தாராபுரமே விராட மன்னனின் தலைநகர் என்றும், பாண்டவர் மறைந்து வாழ்ந்த ஓராண்டு அங்கே கழிந்தது என்றும், கௌரவர் கவர்ந்துபோன ஆநிரையை அர்ச்சுனன் மீட்டுத் திருப்பிய இடம் திருப்பூர் என்றும் அந்தக் கதை விரிகிறது. காவியம் விராடனை மச்ச நாட்டு மன்னன் என்கிறது. அறிஞர்கள் அந்நாட்டை அசோகனின் கல்வெட்டு கிடைத்துள்ள இராசத்தானின் பைராட்டை ஒட்டிய பகுதியாகக் கொள்கின்றனர். கருநாடகத்தின் ஹானகல் முதலிய வேறு ஊர்களும் அதே உரிமையைக் கோருகின்றன. ஆகவே தாராபுரக் கதை போரைப் பற்றிய சான்றாகப் பயன்படாது. எனினும் அதைத் தள்ளிவிடுவதும் முறையன்று. ஆடும் மாடுமே செல்வமாக இருந்த கொங்கில் ஆநிரை கவர்தலும் மீட்டலும் சங்கப் பாடல்களின் வெட்சி, கரந்தைத் திணைகளாகவும் ஊர்ப்புற நடுகற்களாகவும் பதிந்த வாழ்க்கை. பாரதம் முழுவதிலும் அந்த வாழ்க்கைக்கு மிக நெருங்கிய பகுதி விராட பருவம் ஆதலால், அந்தப் பருவத்தையே இந்த நிலம் தனக்கென எடுத்துக்கொண்டது எனலாம்.

சேர மன்னர்களோ இன்னும் துணிந்தனர். பெருஞ்சோற்று உதியன் சேரலாதன் பாரதப் போரில் இருபடைக்கும் உணவளித்தான் என்று புறநானூற்றின் இரண்டாம் பாடலுக்கு மரபான பொருள் உண்டு. உதியனின் மகனான நெடுஞ்சேரலாதன் பதிற்றுப்பத்தின் இரண்டாம் பத்துக்குத் தலைவன் ஆதலால் உதியன் சங்க காலத்தவன் என்பதில் ஐயமில்லை. ஐஹோளெக் கணக்கை ஏற்றால் அவன் தன் காலத்துக்கு மூவாயிரம் ஆண்டு முந்திய போருக்குச் சோறு அனுப்பியிருக்க வேண்டும். முன்னோரை நினைத்துப் படைத்த பெருவிருந்தையே பாடல் குறிக்கிறது என்று பிற்கால அறிஞர் சிலர் கொண்டது இந்தச் சிக்கலிலிருந்து மீளும் வழி. உரோமர்கள் தங்கள் குலத்தை டிராயிலிருந்து தப்பி வந்த ஈனியஸிடம் தொடங்கியதைப் போல, புகழ்பெற்ற போர் எதுவானாலும் அதில் தமக்கும் ஓர் இடம் தேடுவது அரசகுலங்களின் பொதுவான பழக்கம்.

டிராயின் கதை மண்ணுக்குள் புகுந்தது 19ஆம் நூற்றாண்டில். துருக்கியின் வடமேற்கு மூலையில் உள்ள ஹிசார்லிக் மேட்டின் ஒரு பகுதியைச் சொந்தமாக வைத்திருந்த ஃபிராங்க் கால்வர்ட் அங்கே முதலில் தோண்டிப் பார்த்தார். அவர் காட்டிய இடத்தில் 1870களின் தொடக்கத்தில் பெருங்குழி தோண்டிய ஜெர்மானிய வணிகர் ஹைன்ரிக் ஷிலீமன் புகழ் முழுவதையும் எடுத்துக்கொண்டார். ஒன்றின்மேல் ஒன்றாக ஒன்பது குடியிருப்புகள் படிந்திருந்த அந்த மேட்டில், ஹோமரின் நகரம் அடியில்தான் இருக்கும் என்று நம்பிய ஷிலீமன் மேலடுக்குகளை வெட்டி எறிந்துகொண்டே இறங்கினார். 1873இல் இரண்டாம் அடுக்கை ஒட்டிக் கிடைத்த பொன் குவியலுக்கு அவர் ‘பிரியத்தின் புதையல்’ என்று பெயரிட்டார். அது டிராய்ப் போருக்குக் குறிக்கப்படும் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் முந்தியது என்பது பின்னர் தெரிந்தது. தேடிய காலத்துச் சுவர்களில் ஒரு பகுதியை அவரே இடித்துவிட்டிருந்தார். காவியத்தைக் கையில் வைத்துக்கொண்டு தோண்டுவதன் கேடு இதைவிடத் தெளிவாக வேறெங்கும் காணப்படவில்லை.

பின்வந்தவர்கள் பொறுமையாக அடுக்குகளைப் பிரித்தனர். வில்ஹெல்ம் டார்ஃபெல்ட் ஆறாம் அடுக்கின் அழகிய மதிலைக் கண்டு அதுவே ஹோமரின் நகரம் என்றார். 1932 முதல் 1938 வரை தோண்டிய கார்ல் பிளேகன், அந்த அடுக்கு நிலநடுக்கத்தால் குலைந்தது என்று கருதி, அடுத்ததாகிய ஏழாம் அடுக்கின் முதற்பகுதியைச் சுட்டினார். அங்கே மதிலுக்குள் நெருக்கியடித்துக் கட்டிய சிறு வீடுகளும், தரைக்குள் புதைத்த பெரிய தானியத் தாழிகளும், தீயின் தடமும், அடக்கம் செய்யப்படாத மனித எலும்புகளும் இருந்தன. அந்த அழிவு கி.மு. 1180ஐ ஒட்டியது, அலெக்சாந்திரிய அறிஞர் எரட்டோஸ்தனிஸ் வம்சக் கணக்கை வைத்துக் குறித்த ஆண்டு கி.மு. 1184-83. இந்தப் பொருத்தம் மனத்தைக் கவரும். ஆனால் பழைய கிரேக்கரே ஆண்டைப் பலவாறு கணக்கிட்டிருந்தனர், ஹெரோடோட்டஸின் கணக்கு அதற்கு அறுபது எழுபது ஆண்டு முந்தியது என்பதை நினைத்தால், பல குறிகளில் ஒன்று இலக்கைத் தொட்டது தற்செயலாகவும் இருக்கலாம். 1988இல் தொடங்கிய மன்ஃபிரெட் கோர்ஃப்மனின் ஆய்வு, கோட்டைக்கு வெளியே தாழ்நகர் ஒன்றும் அதைச் சூழ்ந்த அகழியும் இருந்தன என்று காட்டியது. அந்தத் தாழ்நகரின் அளவைப் பற்றி ஜெர்மானியப் பேராசிரியர்களுக்குள் 2001இல் மூண்ட சண்டையே ஒரு சிறு காவியத்துக்குப் போதும்.

மண்ணைவிட அதிகம் பேசியது களிமண் ஏடு. துருக்கியின் நடுவே ஹிட்டைட் பேரரசின் தலைநகரிலிருந்து தோண்டியெடுக்கப்பட்ட ஆப்பெழுத்து ஏடுகளில், கி.மு. 1280ஐ ஒட்டி, விலுசா என்ற நாட்டின் அரசன் அலக்சாண்டு என்பவனோடு பேரரசன் முவத்தல்லி செய்துகொண்ட உடன்படிக்கை ஒன்று உள்ளது. டிராயின் மறுபெயரான இலியோஸ் முற்காலத்தில் விலியோஸ் என ஒலித்தது என்பதும், ஹெலனைக் கவர்ந்த பாரிஸுக்குக் காவியத்தில் அலெக்சாண்டர் என்ற பெயரும் உண்டு என்பதும் இங்கே நினைக்கத்தக்கவை. கடலுக்கு அப்பாலிருந்த அகியாவா என்ற அரசும் இந்த ஏடுகளில் வருகிறது. ஹோமர் கிரேக்கரை அழைக்கும் ‘அக்காயர்’ என்ற பெயரே அது என்று 1924இல் எமில் ஃபோரர் முன்வைத்த கருத்து நீண்ட எதிர்ப்புக்குப் பின் இன்று பெரும்பாலும் ஏற்கப்பட்டுவிட்டது. ஆகவே டிராய் என்ற நகரம் உண்டு, அதற்கு வெளியுலகில் மதிப்பும் உண்டு, கிரேக்கப் பெயருடைய அரசன் ஒருவன் அங்கே இருந்தான், கிரேக்க அரசு ஒன்று அந்தக் கரையில் தலையிட்டது என்ற அளவுக்குப் பாட்டைச் சாராத சான்று இருக்கிறது. பத்தாண்டு முற்றுகைக்கோ, ஆயிரம் கப்பல்களுக்கோ, ஹெலனுக்கோ அத்தகைய சான்று ஏதுமில்லை. போரைச் சூழ்ந்த எல்லாமும் மெய்ப்படுகின்றன, போர் மட்டும் எட்டாமல் நிற்கிறது.

இந்த நிலை தமிழ்நாட்டில், அதுவும் கொங்கு நாட்டின் நொய்யல் ஆற்றங்கரையிலேயே, வியக்கத்தக்க நெருக்கத்தோடு திரும்ப வருகிறது.

கருவூரை இருக்கையாகக் கொண்டு கொங்குப் பகுதியை ஆண்ட பொறையர் மரபுச் சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை, இன்றைய தருமபுரியான தகடூரைத் தாக்கி அதியமானை வென்றான் என்பது சங்க இலக்கியத்தின் பெரிய போர்ச்செய்திகளுள் ஒன்று. பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தில் அரிசில்கிழார் பாடிய பத்துப் பாடல்கள் அவனைப் புகழ்கின்றன. தகடூரை அவன் அழித்தது பாடலுக்குள்ளேயே வருகிறது. பத்தின் இறுதியில் உள்ள பதிகம், அதாவது தலைவனின் பெற்றோர், வெற்றி, புலவர் பெற்ற பரிசு ஆகியவற்றைத் தொகுத்துச் சொல்லும் குறிப்பு, அதியமானோடு வேறு இரு பெருவேந்தரையும் அவன் கொல்லிப் பகுதியில் வென்றதாகக் கூட்டுகிறது. பதிகங்கள் பாடல்களுக்குப் பிந்தியவை ஆதலால், பாடலில் உள்ள தகடூருக்கும் பதிகத்தில் மட்டும் உள்ள இரு வேந்தருக்கும் ஒரே அளவு நம்பிக்கை தர இயலாது. பிற்காலத்தில் இதே போரைப் பற்றி ‘தகடூர் யாத்திரை’ என்ற தனி நூலே எழுந்தது. தொல்காப்பிய உரையாசிரியர்கள் அதைப் பெருந்தேவனாரின் பாரதத்தோடு சேர்த்து, உரைநடையும் பாட்டும் கலந்த பழங்கதை நூலுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்கின்றனர். நூல் மறைந்துவிட்டது, புறத்திரட்டிலும் உரைகளிலும் சில பாடல்களே எஞ்சின. டிராயைப் போலவே ஒரு கோட்டை முற்றுகை முதலில் பாடலாகவும், பிறகு கதையாகவும் வளர்ந்ததன் தடம் இது.

இனிச் சான்றுகள். கருவூருக்கு அருகே புகளூரை ஒட்டிய ஆறுநாட்டார் மலையில் தமிழ்-பிராமி எழுத்தில், அதாவது தமிழுக்கு முதலில் வழங்கிய எழுத்து வடிவில், சமண முனிவர் ஒருவருக்குக் கற்படுக்கை வெட்டிக் கொடுத்த செய்தி பொறிக்கப்பட்டுள்ளது. ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோன், அவன் மகன் இளங்கடுங்கோ என்று மூன்று தலைமுறையை அது வரிசைப்படுத்துகிறது. பதிற்றுப்பத்தின் ஏழாம், எட்டாம், ஒன்பதாம் பத்துகளின் தலைவர்கள் முறையே செல்வக்கடுங்கோ வாழியாதன், பெருஞ்சேரல் இரும்பொறை, இளஞ்சேரல் இரும்பொறை. இரண்டு வரிசைகளும் ஒன்றே என்று கொள்வோர் பலர். ஆனால் ஒன்பதாம் பத்தின் பதிகம் இளஞ்சேரலின் தந்தையைக் குட்டுவன் இரும்பொறை என்கிறது. இவனும் தகடூர் வென்றவனும் ஒருவரா, உடன்பிறந்தவர்களா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. பெயர்கள் அச்சாக ஒத்திருந்தால் யாரோ பாட்டைப் பார்த்துக் கல்லில் வெட்டியிருக்கலாம் என்ற ஐயம் எழும். இப்படிச் சற்றே விலகி ஒத்திருப்பது, இரண்டும் தனித்தனியே ஒரே குடும்பத்தைப் பற்றிப் பேசுகின்றன என்பதற்கு நல்ல அறிகுறி.

கருவூர் அமராவதி ஆற்றுப்படுகையில் கிடைத்த காசுகளில் ‘கொல்லிப்புறை’, ‘கொல்இரும்பொறை’ என்ற பெயர்கள் தமிழ்-பிராமியில் உள்ளன. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் எழுதிய கிரேக்கப் புவியியலாளர் தாலமி, ‘கேரோபொத்ரோஸ்’ மன்னனின் உறைவிடம் ‘கரௌரா’ என்று குறித்தார்; அதற்கு ஒரு நூற்றாண்டு முந்தி, பெயர் தெரியாத கிரேக்க மாலுமி எழுதிய ‘எரித்திரேயக் கடல் வழிநூல்’ சேரரின் முசிறித் துறையையும் அங்கே ஏற்றுமதியான மிளகையும் மணிக்கற்களையும் விவரித்தது. ஹோமரைப் பற்றி ஐயம் எழுப்பிய அதே கிரேக்க எழுத்துலகம், அறியாமலே, தமிழ்ப் பாடல்களுக்கு வெளிச்சாட்சியாக வந்து நிற்கிறது.

எதிர்ப்பக்கத்துக்கும் கல் சாட்சி உண்டு. 1981இல் திருக்கோவலூருக்கு அருகே ஜம்பை என்ற ஊரின் குகையில் கண்டறியப்பட்ட தமிழ்-பிராமிக் கல்வெட்டு, அந்த உறைவிடத்தைக் கொடுத்தவன் சத்தியபுத்திரனாகிய அதியன் நெடுமான் அஞ்சி என்கிறது. அசோகன் தன் இரண்டாம் பாறைக் கட்டளையில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் ஆகியோரோடு சேர்த்துச் சொன்ன சத்தியபுத்திரர் யார் என்ற நெடுநாள் விவாதம் அந்த ஒரு வரியில் முடிந்தது. ஆனால் இங்கே கூடுதலாகக் கவனிக்க வேண்டியது இடம். அதியமானின் ஊர் தகடூர். ஜம்பையோ அங்கிருந்து வெகுதொலைவில், மலையமான் திருமுடிக்காரியின் கோவலூரை ஒட்டி இருக்கிறது. தன் நிலத்துக்கு வெளியே அவனுக்குக் குகையைத் தானம் செய்யும் உரிமை எப்படி வந்தது? அவன் கோவலூரை வென்றான் என்று ஔவையார் புறநானூற்றில் பாடியிருக்கிறார். கல்வெட்டு போரைச் சொல்லவில்லை, பாடல் குகையைச் சொல்லவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது ஒன்று விட்ட இடத்தை மற்றொன்று நிரப்புகிறது. ஹிட்டைட் ஏடுகள் டிராய்க்குச் செய்த உதவியைவிட இது ஒருபடி மேல் என்றே சொல்லலாம், ஏனெனில் அலக்சாண்டு எந்தப் போரில் நின்றான் என்று எந்தப் பாடலாலும் அப்படிக் காட்ட முடியவில்லை.

கோவலூரை இழந்த காரி சேரனிடம் சென்றான், அவனுக்காகக் கொல்லிமலைத் தலைவன் ஓரியைக் கொன்று அம்மலையை வாங்கிக் கொடுத்தான், அதன் தொடர்ச்சியே தகடூர் முற்றுகை என்று பாடநூல்களில் காணப்படும் கோவை இக்கால வரலாற்றாசிரியர்கள் தொடுத்தது. தனித்தனிச் செய்திகள் பாடல்களில் உள்ளன; அவற்றுக்கு இடையிலான ‘ஆகவே’ மட்டும் பாடல்களில் இல்லை. ஹெரோடோட்டஸ் ஹெலனைப் பற்றிக் கேட்டது போல, போரின் காரணத்தை எப்போதும் கடைசியாகவே நம்ப வேண்டும்.

திருப்பூர் வட்டாரம் இந்த வழக்கில் நேரடியாக நுழைவது கொடுமணல் வழியாக. திருப்பூரைக் கடந்து கிழக்கே செல்லும் நொய்யலின் வடகரையில், ஈரோடு மாவட்டப் பெருந்துறை வட்டத்தில் உள்ள இந்த ஊரில் 1980களின் நடுவிலிருந்து தமிழ்ப் பல்கலைக்கழகமும், பின்னர் புதுவைப் பல்கலைக்கழகமும், தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறையும் அகழாய்வு செய்துள்ளன, பேராசிரியர் கா. ராஜன் இதில் முதன்மையானவர். பதிற்றுப்பத்தில் கபிலரும் அரிசில்கிழாரும் அணிகலன்களுக்குப் பெயர்பெற்றதாகச் சொல்லும் ‘கொடுமணம்’ இந்த ஊரே என்று அடையாளம் காணப்பட்டுள்ளது. தகடூர் வென்றவனைப் பாடிய அதே எட்டாம் பத்தில்தான் இந்த ஊர்ப்பெயரும் வருகிறது.

குழிகளிலிருந்து வெளிவந்தது என்ன? பச்சைக்கல், படிகம், சூதுபவளம் ஆகியவற்றின் முடிந்த மணிகளோடு, பாதியில் உடைந்தவையும், துளையிடும்போது பிளந்தவையும், செதுக்கிய சில்லுகளும் கிடைத்தன. விற்கப்பட்ட மணி எந்த ஊரிலும் கிடைக்கும். செய்யும்போது பழுதான மணி செய்த ஊரில்தான் கிடைக்கும். ஆகவே இங்கே பட்டறைகள் இருந்தன என்பதில் ஐயமில்லை. பச்சைக்கல்லுக்கு மூலம் அருகிலேயே, காங்கயத்தை ஒட்டிய படியூரில் இருந்தது. இரும்பு உருக்கிய உலைகளும் கசடும், நூல் நூற்கும் தக்களி வில்லைகளும், நூற்றுக்கணக்கான எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் கிடைத்தன. ஓடுகளில் ஆட்பெயர்களும், வணிகக் குழுவைக் குறிக்கும் ‘நிகம’ என்ற சொல்லும் உள்ளன. நொய்யலை ஒட்டிய கத்தாங்கண்ணியில் உரோம வெள்ளிக்காசுகள் கிடைத்திருப்பது, இந்தப் பட்டறைப் பொருள் எங்கே போனது என்பதைக் காட்டுகிறது. 

தக்களி வில்லை டிராயிலும் ஆயிரக்கணக்கில் கிடைத்தது. ஷிலீமன் அவற்றில் கீறியிருந்த கோலங்களுக்குச் சமயப் பொருள் தேடி அலைந்தாரே தவிர, அந்த மேட்டில் நூற்பு ஒரு பெருந்தொழிலாக இருந்தது என்ற எளிய செய்தியை அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. ‘இலியட்’டில் ஹெலன் முதன்முதலாகத் தோன்றும்போது தறியின் முன், தனக்காக நடக்கும் போரையே துணியில் நெய்துகொண்டிருக்கிறாள். காவியம் சொன்னவற்றுள் போரைவிடத் தறிக்கே டிராய் மண்ணில் சான்று மிகுதி.

பாடலில் உள்ள ஒரு பொருள் மண்ணில் கிடைப்பதற்கு எவ்வளவு எடை உண்டு என்பது பாடலின் வயதைப் பொறுத்தது. ‘இலியட்’டின் பத்தாம் பகுதியில் காட்டுப்பன்றிக் கொம்புகள் தைத்த தலைக்கவசம் ஒன்று வருகிறது, அத்தகைய கவசம் ஹோமரின் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே வழக்கொழிந்தது, டிராய்ப் போர்க் காலத்துக் கிரேக்கரான மைசீனியரின் கல்லறைகளில்தான் கிடைத்திருக்கிறது. ஆனால் அதே காவியத்தில் வீரர்கள், மைசீனியர் வழக்கத்துக்கு மாறாக, இறந்தோரை எரிக்கிறார்கள். தேரைப் போர்க்கருவியாக ஓட்டத் தெரியாமல் களத்துக்குப் போய்வரும் வண்டியாகவே பெரும்பாலும் பயன்படுத்துகிறார்கள். வாய்மொழியாகப் பல தலைமுறை கடந்த பாட்டு இப்படித்தான் பல காலங்களைக் கலந்து வைத்திருக்கும். 1930களில் யூகோஸ்லாவியாவின் பாடகர்களைப் பதிவுசெய்த மில்மன் பாரி, எழுதப்படாத நீண்ட காவியம் நிலையான தொடர்களின் துணையால் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டப்படுகிறது என்று காட்டினார். காங்கயம் வட்டாரத்தில் 1960களின் நடுவில் தங்கி ஆய்வுசெய்த பிரெண்டா பெக், உடுக்கடியோடு பல இரவுகள் பாடப்படும் அண்ணன்மார் கதையைப் பதிவுசெய்தபோது கண்டதும் அதே இயல்புதான்: பொன்னரும் சங்கரும் ஒரு காலத்தின் உழுகுடித் தலைவர்களாகவும், அதே மூச்சில் பாண்டவரின் மறுபிறவிகளாகவும் நிற்கிறார்கள். உள்ளூர்ப் போர் ஒன்று பாரதப் போரின் அச்சுக்குள் எப்படிப் புகுகிறது என்பதைத் தாராபுரக் கதையைவிட இது நன்றாக விளக்கும்.

பதிற்றுப்பத்து அந்த வகையைச் சேர்ந்ததன்று. புலவர் தம் காலத்து அரசனை முன்னிலைப்படுத்திப் பாடிய தனிப்பாடல்கள் அவை; நிகழ்ச்சிக்கும் பாட்டுக்கும் இடையே நூற்றாண்டுகள் இல்லை, ஒரு வாழ்நாளே இருக்கிறது. அவற்றில் மிகை உண்டு, ஆனால் அது பரிசிலை நோக்கிய மிகை. ஊரும் பெயரும் கேட்போருக்குத் தெரிந்தவை ஆதலால் அவற்றில் புலவர் கைவைக்க இடமில்லை. ஒரே நூலை வளையம் வளையமாகக் கோத்த பின்னல் துணியில் ஒரு கண்ணி விட்டால் ஓடிக்கொண்டே போவதைப் போல, ‘இலியட்’ என்ற ஒரே சாட்சியை நம்பிய டிராய்ப் போர் ஒரு கேள்வியில் பிரிந்துவிடும் நிலையில் ஷிலீமன் காலம்வரை இருந்தது. தகடூரோ பாவாகப் பாடலும் ஊடாகக் கல்வெட்டும் காசும் குறுக்கே ஓடும் நெசவுத் துணி.

அந்தத் துணியிலும் ஓட்டை உண்டு. முற்றுகையிட்ட சேனையின் அம்புமுனையோ, எரிந்த மதிலோ தகடூருக்கு உரியதாக எடுத்துக்காட்டப்படவில்லை. டிராயின் ஏழாம் அடுக்கில் பிளேகன் கண்டதற்கு ஈடான அழிவுப் படிவு இங்கே ஆய்வாளர் கைக்கு வரவில்லை. அதியமான் மரபு அந்தப் போரோடு அழிந்துவிடவும் இல்லை. 12, 13ஆம் நூற்றாண்டுகளில் தகடூரை ஆண்ட விடுகாதழகிய பெருமாள், போளூர் அருகே திருமலையில் பொறித்த கல்வெட்டில், தன் முன்னோனாகிய எழினி அமைத்த திருமேனிகளைப் புதுப்பித்ததாகச் சொல்லி, அந்த எழினியை வஞ்சிச் சேரர் குலத்தவன் என்கிறான். தோற்ற குடி, ஆயிரம் ஆண்டுக்குப் பின், வென்ற குடியின் பெயரைத் தன் பெயராக எடுத்துக்கொண்டது.

எட்டாம் பத்தின் பதிகப்படி, சேரன் அரிசில்கிழாருக்கு ஒன்பது லட்சம் காணத்தையும் அரசுகட்டிலையும் கொடுக்க, அவர் கட்டிலைத் திருப்பித் தந்து அமைச்சராக அமர்ந்தார். இந்த எண்ணை அக்குரோணிக் கணக்கின் பக்கத்திலேயே வைக்க வேண்டும். ஆனால் அதே அரிசில்கிழார், தகடூரில் பொருது வீழ்ந்த எழினிக்கு இரங்கிப் பாடியது புறநானூற்றில் 230ஆம் பாடலாக இருக்கிறது. வென்றவனிடம் பரிசு பெற்றவர் தோற்றவனின் ஆட்சியில் ஊர் எவ்வளவு அச்சமின்றி இருந்தது என்று சொல்லி அவன் சாவுக்குக் கூற்றுவனையே பழிக்கிறார். அப்படிப் பாடுவதால் அவருக்குக் கருவூரில் கிடைக்கக்கூடிய பயன் ஒன்றுமில்லை. தகடூரில் ஒரு போர் நடந்தது, அதில் எழினி என்ற அதியமான் மடிந்தான் என்பதற்குப் புகழ்ப்பாடல்கள் பத்தையும்விட இந்த ஓர் இரங்கற்பாட்டையே முதல் சாட்சியாக அழைக்கலாம்.